சனிக்கிழமை வரை

"எழுந்திரு. மணி ஏழு."

"எழுந்து என்ன பண்ணப்போறேன்? எனக்கா பரீட்சை?"

"உனக்கும்தான்னு உங்க வீட்டுல நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வார்டனும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கா. எழுந்து பல் விளக்கு."

விடுதியின் பதினேழாம் எண் அறையில் பரீட்சை நாட்கள் இப்படித்தான் விடிந்தன. எழுப்புகிறவளைப் பெரியம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வயது இருபதுதான். யாருக்குத் தலைவலி வந்தாலும் மாத்திரை, யார் துணி கிழிந்தாலும் ஊசி நூல், யார் அழுதாலும் நாலு வார்த்தை புத்தி என்று முதல் வருஷமே ஆரம்பித்துவிட்டாள். பட்டம் ஒட்டிக்கொண்டது. போர்வைக்குள் இருப்பவள் எக்ஸ்பிரஸ். எந்த வகுப்புக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராத பெண்ணுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

மூன்று வருஷமாக ஒரே அறை, ஒரே கட்டடப் பொறியியல் வகுப்பு, ஒரே பெஞ்சு. இந்தப் பரீட்சை முடிந்தால் கடைசி வருஷம். ஆனால் அது ஒருத்திக்கு மட்டும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் துறை அலுவலகத்தின் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வருகைப் பதிவு குறைந்ததால் தேர்வு எழுத அனுமதி இல்லாதவர்கள். மூன்று பேர். இரண்டாவது, எக்ஸ்பிரஸ். எழுபத்தைந்து சதவீதம் வேண்டும், இவளுக்கு அறுபத்தொன்று. மூன்றாம் வருஷத்தை ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும்.

முதலில் வெறும் சோம்பல்தான். நாலு வகுப்புக்குப் போகவில்லை, அதனால் ஐந்தாவது வகுப்பு புரியவில்லை. புரியாத இடத்தில் போய் எதற்கு உட்கார வேண்டும் என்று ஆறாவதுக்கும் போகவில்லை. பிறகு அது சோம்பல் இல்லை, பயம். காலையில் கண் விழித்துக்கொண்டு, விழிக்காதவள் மாதிரி படுத்திருப்பாள். பெரியம்மா உலுக்கி, கத்தி, தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டுத் தன் நேரமாகிறது என்று போய்விடுவாள்.

வீட்டுக்குக் கடிதம் அனுப்புவோம் என்றார்கள். அனுப்பவும் செய்தார்கள். சேரும்போது படிவத்தில் வீட்டு முகவரி கேட்ட இடத்தில் எக்ஸ்பிரஸ் விடுதி முகவரியை எழுதிவைத்திருந்தாள். கடிதம் அவளுக்கே வந்தது.

"என் தப்பை எனக்கே போஸ்ட்ல அனுப்பியிருக்காங்க பாரேன்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, குளியலறைக்குள் போய் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. கான்கிரீட் பேப்பர். வியாழன் மண்ணியல், சனிக்கிழமை கடைசி. இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். பெரியம்மா தேர்வு அறைக்கு, எக்ஸ்பிரஸ் நூலகத்தின் மூன்றாவது மாடிக்கு. அங்கே பழைய பத்திரிகைகளுக்கு நடுவே ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பாள். தெரிந்தவர் யாரும் அங்கே ஏற மாட்டார்கள்.

"இன்னும் எத்தனை நாளைக்குடி இந்த நாடகம்?" என்றாள் பெரியம்மா நடந்துகொண்டே.

"சனிக்கிழமை வரைக்கும். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி நேரா வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

"இப்பவே போன்ல சொல்லித் தொலையேன்."

"போன்ல சொன்னா, 'பரவாயில்லம்மா, விடு'ம்பார். சிரிக்கக்கூட செய்வார். போனை வச்சதுக்கு அப்புறம் அவர் மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதே. பக்கத்துல உட்கார்ந்து, பார்த்துக்கிட்டே சொல்லணும்."

"அம்மாகிட்ட?"

"அம்மாகிட்ட எதையும் அப்பா வழியாத்தான் அனுப்பணும். நேரா போனா விபத்துதான்."

அவள் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சொந்தமாக ஒரு சின்ன டிரைவிங் ஸ்கூல், அவர் உட்காரும் பக்கத்திலும் பிரேக் வைத்த ஒரே ஒரு பழைய கார். பதினெட்டு வயதில் மகள் அந்தக் காரைப் பின்னால் எடுத்துச் சுவரில் மோதியபோது இறங்கிப் பார்த்துவிட்டு, "சுவரு குறுக்க வந்துடுச்சும்மா, அதுக்கு லைசென்ஸ் இல்ல" என்றாராம். பெரியம்மாவுக்கு இந்தக் கதை நூறு தடவை சொல்லப்பட்டிருக்கிறது.

பரீட்சை நடக்கும்போது அவர் மகளுக்குப் போன் செய்ய மாட்டார். படிக்கிற பிள்ளையை எதற்குக் கலைப்பது என்பார். கடைசிப் பேப்பர் முடிந்த பிறகுதான் மணி அடிக்கும். இந்தத் தடவை எக்ஸ்பிரஸுக்கு அது பெரிய வசதியாகப் போய்விட்டது, அவரிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பெரியம்மாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. எக்ஸ்பிரஸின் அம்மா.

"கண்ணு, நீ தனியா இருக்கியா?"

"இருக்கேம்மா. சொல்லுங்க."

"அவ பக்கத்துல இல்லையே?"

"இல்லம்மா, சாப்பிடப் போயிருக்கா."

"அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. நேத்துக் காலைல ஒருத்தருக்குச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சு வலிச்சிருக்கு. வண்டியை ஓரமா நிறுத்தச் சொல்லிட்டு அப்படியே சாஞ்சுட்டார். இப்ப ஒண்ணுமில்ல, பேசறார், கஞ்சி குடிக்கிறார். ஆபரேஷன் பண்ணணும், திங்கட்கிழமை பார்க்கலாம்ங்கறாங்க."

"அய்யோ. அவளைக் கூட்டிட்டு வரவாம்மா?"

"அதுக்குத்தான் கூப்பிட்டேன். அவகிட்ட மூச்சு விடாத. கேட்டா பேனாவைக் கீழ போட்டுட்டு ஓடி வந்துடுவா. இன்னும் ரெண்டே பேப்பர். மூணு வருஷம் படிச்சது வீணாப் போயிடக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. நீ பெரிய மனுஷி மாதிரி, உன்னை நம்பித்தான் சொல்றேன். சத்தியம் பண்ணு."

எந்தப் பரீட்சை கெட்டுவிடக் கூடாது என்று அந்தம்மா கெஞ்சினாளோ அந்தப் பரீட்சை அவள் மகளுக்கு இல்லவே இல்லை. அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் தோழியைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆஸ்பத்திரியில் நிற்கிற ஒருத்தியிடம், உங்கள் மகள் பரீட்சையே எழுதவில்லை என்று எந்த வாயால் சொல்வது.

"சரிம்மா, சொல்லலை."

அன்று மாலை மட்டும் ஒருமுறை முயன்றாள்.

"ஏய், வேணும்னா நாளைக்கே ஊருக்குப் போயிட்டு வாயேன். இங்க சும்மாதானே உட்கார்ந்திருக்கே."

"பரீட்சை நடுவுல போய் நின்னா அம்மா வாசல்லயே கண்டுபிடிச்சுடுவா. நான் ரெண்டு வாரமா மனசைக் கட்டி இழுத்து வச்சிருக்கேன், பெரியம்மா. சனிக்கிழமைன்னா சனிக்கிழமை. நடுவுல யாராவது எதையாவது கலைச்சா எனக்கு அப்புறம் சொல்லத் தைரியம் வராது."

பெரியம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மண்ணியலில் அவளுக்கு இரண்டு பாடம் பாக்கி இருந்தது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடியும் அதே எண். எடுத்தால் ஆண் குரல். கொஞ்சம் மெலிந்திருந்தது.

"பெரியம்மாவா? நான் எக்ஸ்பிரஸோட டிரைவர் பேசறேன்."

"அப்பா. எப்படி இருக்கீங்க?"

"வண்டி ஷெட்டுல நிக்குது. பேட்டரி கொஞ்சம் வீக். மாத்தறேங்கறாங்க. அவ அம்மா மருந்து வாங்கக் கீழ போயிருக்கா, அந்த கேப்ல போனைத் திருடிட்டேன்."

"பேசலாமாப்பா நீங்க?"

"பேசக் கூடாதாம். அதான் பேசறேன். எப்படி எழுதறா அவ?"

பெரியம்மா நடைபாதையின் கோடியில் நின்றிருந்தாள். துணி காயப்போடும் கம்பிக்கு அருகே எக்ஸ்பிரஸ் ஒரு போர்வையைத் தனியாகப் பிழிய முடியாமல் பிழிந்துகொண்டிருந்தாள். தூரம் பத்தடி இருக்கும்.

"நல்லா எழுதறாப்பா."

"நீ?"

"நானும்தான்."

"காலைல டீ இறங்கினாத்தான் அவளுக்குக் கண்ணு திறக்கும். வாங்கிக் குடு."

"குடுக்கிறேம்ப்பா."

"அவ குரலைக் கேட்கணும் போல இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "வேணாம் வேணாம். கேட்டா என் குரல்லயே பிடிச்சுடுவா. பொல்லாதவ. சனிக்கிழமை பேசிக்கறேன். நீ போய்ப் படி."

அப்படியே நடந்து போய்ப் போனை அவள் காதில் வைத்திருக்கலாம். பெரியம்மாவுக்கு அந்த எண்ணம் வராமல் இல்லை. அதோடு கூடவே இன்னொன்றும் வந்தது. வைத்தால் அவள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவாள். தனியாக அனுப்ப முடியாது. கூடப் போக வேண்டும். போனால் நாளைய மண்ணியல் போய்விடும். கடைசி வருஷத்துக்கு ஒரு பேப்பரைச் சுமந்துகொண்டு போனால் வேலைக்கான கேம்பஸ் நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாளைக்கு ஒரு மணிக்கு எழுதி முடித்துவிட்டுச் சொல்லிவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது, மனுஷன் சிரித்துப் பேசுகிறாரே.

"யாருடி போன்ல?" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"வீட்டுலேர்ந்து."

"வந்து இந்தப் போர்வையோட ஒரு முனையைப் பிடியேன், புண்ணியமாப் போகும்."

பிடித்தாள். ஆளுக்கொரு பக்கம் முறுக்கித் தண்ணீரை வடித்தார்கள்.

வியாழக்கிழமை மண்ணியல் பேப்பர் கைக்கு அடக்கமாக வந்திருந்தது. பெரியம்மா கூடுதல் தாள் இரண்டு வாங்கி எழுதினாள். ஒரு மணிக்கு வெளியே வந்து பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தபோது அதே எண்ணிலிருந்து ஏழு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டாள். எடுத்தது எக்ஸ்பிரஸின் சித்தப்பா, அவள் அப்பாவின் தம்பி.

"அண்ணி வேணாம்னுதான் சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாம பேசறேன். காலைல பத்தரைக்கு மறுபடி வந்துடுச்சும்மா. குழாய் போட்டு மூச்சு ஓடுது. இனிமே காத்திருக்க முடியாது, அவளைக் கூட்டிட்டு வந்துடு."

நூலகத்தின் மூன்று மாடியையும் அவள் ஓடித்தான் ஏறினாள். எக்ஸ்பிரஸ் ஜன்னலோரம் ஏதோ ஒரு பழைய தோட்டக்கலைப் பத்திரிகையை விரித்துவைத்திருந்தாள்.

"என்னடி, பேப்பர் கஷ்டமா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"பையை எடு. உங்க ஊருக்குப் போறோம்."

"இன்னும் சனிக்கிழமை வரலையே."

"அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரில இருக்கார். எழுந்திருடி."

அந்த ஒரு தடவை எக்ஸ்பிரஸ் உடனே எழுந்தாள்.

பேருந்தில் நாலரை மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் எப்போது, எப்படி, யார் சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள். திங்கட்கிழமை. வண்டியில். செவ்வாய்க்கிழமை அம்மா சொன்னார்கள். புதன்கிழமை போன் வந்ததை மட்டும் சொல்லவில்லை. மீதி வழியெல்லாம் எக்ஸ்பிரஸ் முன் சீட்டின் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். மகளைப் பார்த்ததும் அம்மா எழுந்தாள். அழவில்லை. பெரியம்மாவைத்தான் முதலில் பார்த்தாள்.

"உன்கிட்ட என்ன சொன்னேன் நான்? இன்னும் ஒரு பேப்பர் இருக்கே. ரெண்டு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

"அண்ணி, நான்தான் வரச்சொன்னேன்" என்றார் சித்தப்பா.

"நீ சும்மா இரு. எல்லாருமாச் சேர்ந்து அவ வருஷத்தைக் கெடுத்துட்டீங்க. ஏண்டி, காலைல எழுதின பேப்பராவது ஒழுங்கா எழுதினியா?"

எக்ஸ்பிரஸ் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, நான் உள்ள போகணும்."

ஒரு நேரத்தில் ஒருவர்தான். பச்சை அங்கி மாட்டி, செருப்பைக் கழற்றச் சொல்லி அழைத்துப் போனார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். வெளியே வந்தவள் அம்மாவிடம் போகவில்லை. மாடிப்படியில் இறங்கி மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டாள். பெரியம்மா இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"கண்ணைத் திறந்தாரா?"

"திறந்தார். என்னைத் தெரிஞ்சுது. வாய்ல குழாய் இருக்கு, பேச முடியாது. கையைத் தூக்கி ரெண்டு விரலைச் சேர்த்து இப்படி ஆட்டினார்." காற்றில் எழுதிக் காட்டினாள். "எழுதினியான்னு கேட்கறார்."

"நீ என்ன சொன்னே?"

"நல்லா எழுதினேன்ப்பான்னேன். தலையை ஆட்டினார். அப்புறம் தூங்கிட்டார்."

கீழ்ப் படியில் யாரோ ஒரு பெண்மணி தூக்குப் பாத்திரத்தோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள். இருவரும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

"சொல்லணும்னுதான் போனேன்" என்றாள் எக்ஸ்பிரஸ். "அங்கி மாட்டும்போதுகூட அதைத்தான் மனசுல சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தேன். அந்தக் குழாயைப் பார்த்த அப்புறம் எப்படிச் சொல்றது? 'பரவாயில்லம்மா'ன்னு சொல்ல அவர்கிட்ட வாய் இல்லையே."

பெரியம்மாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நேத்து அவர் என்கிட்ட பேசினார்."

"யாரு?"

"அப்பா. அம்மா போன்லேர்ந்து."

எக்ஸ்பிரஸ் முழுசாகத் திரும்பினாள். "என்ன பேசினார்? அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

சொன்னாள். எக்ஸ்பிரஸோட டிரைவர், ஷெட்டில் வண்டி, பேட்டரி, போனைத் திருடியது, டீ. அவர் குரல் தன்னையறியாமல் அவளுக்கு வந்தது. எக்ஸ்பிரஸுக்கு ஒரு இடத்தில் சிரிப்புக்கூட வந்தது.

"அப்புறம்?"

"உன் குரலைக் கேட்கணும் போல இருக்குன்னார். அப்புறம் அவரே வேணாம்னுட்டார்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"போர்வை பிழிஞ்சுக்கிட்டு இருந்தே."

"நீ?"

"அந்தக் கோடில."

"பத்தடி."

"ம்."

"ஏன் குடுக்கல?"

"அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க…"

"அம்மாவை விடு. நான் பரீட்சை எழுதலைன்னு அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு மட்டும்தான் ரெண்டும் தெரியும். ஏன் குடுக்கல?"

பெரியம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது நடுவிரலில் காலை எழுதிய மை இன்னும் இருந்தது.

"மறுநாள் எனக்கு மண்ணியல் பேப்பர்" என்றாள்.

எக்ஸ்பிரஸ் திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று பெரியம்மா காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நல்லா எழுதினியா?"

"எழுதினேன்."

"சரி."

வெள்ளிக்கிழமை மதியம் அவர் போய்விட்டார். அதற்கு முன் மறுபடி கண் திறக்கவில்லை.

பெரியம்மா சனிக்கிழமைப் பேப்பருக்குத் திரும்பிப் போகவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டாள், டீ கலந்தாள். ஒரு பேப்பரை விட்டுவிட்டால் ஒரு போன் திரும்பி வந்துவிடாது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. எக்ஸ்பிரஸ் அவளிடம் பேசினாள், ஆனால் சர்க்கரை எங்கே, துண்டு எங்கே என்கிற மாதிரிப் பேச்சுகள்தான்.

வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா பொண்ணைப் பார்த்துட்டுத்தான் போனார். எழுதினியான்னு கையைக் காட்டிக் கேட்டாராம். நல்லா எழுதினேன்ப்பான்னு சொல்லியிருக்கா. அந்த நிம்மதியோட போயிட்டார்."

கேட்டவர்கள் எக்ஸ்பிரஸின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கையாக வந்து போக அவள் சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமைதான் கூட்டம் குறைந்தது. மதியம் சாப்பிட்ட இடத்தில் மூன்று பேர் மட்டும். டிரைவிங் ஸ்கூல் சாவியைக் கேட்டு வந்த சித்தப்பாவும் போய்விட்டிருந்தார்.

"அந்தக் கடைசிப் பேப்பரை அடுத்த தடவை சேர்த்து எழுதிக்கலாம், இல்லையா?" என்று அம்மா பெரியம்மாவைக் கேட்டாள். "ஒண்ணுதானே. அது என்ன பெரிய விஷயம். இன்னும் ஒரே வருஷம். ரெண்டு பேரும் சேர்ந்தே முடிச்சுடுங்க. அதைப் பார்த்துட்டா எனக்குப் போதும்."

பெரியம்மாவுக்குச் சரிம்மா என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. எதிரே இருந்தவளையும் பார்க்கவில்லை.

"ரெண்டு வருஷம்மா" என்றாள் எக்ஸ்பிரஸ்.

"என்னது?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம். நான் பரீட்சையே எழுதலை. ஒரு பேப்பர்கூட. வகுப்புக்குச் சரியாப் போகலை, அதனால எழுத விடலை. மூணாம் வருஷத்தைத் திரும்பப் படிக்கணும்."

அம்மா தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்த விரலை எடுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் வரும் வரும் என்று பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. ஏதோ கணக்குப் போட்டுப் பார்ப்பது போல் அவள் உதடு அசைந்தது.

"அப்ப செவ்வாய்க்கிழமை நான் போன் பண்ணும்போது…"

"காலைல பூரா நூலகத்துல சும்மா உட்கார்ந்திருந்தேம்மா."

"வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்."

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இவளைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா மகளிடமே திரும்பினாள்.

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்லம்மா. எழுதினேன்னுதான் சொன்னேன்."

அம்மா எழுந்து மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைக் கையில் எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"சொல்லியிருக்கலாம்டி" என்றாள். "அவர் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்."

"தெரியும்மா" என்றாள் மகள்.